பாதி ஆட்டத்தில் தீர்ப்பு எழுதலாமா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தை மாதம் பிறக்கும் வேளை விசித்திரமான வேளை. ஆடி முடித்த ஆட்டங்கள் பாதி, ஆட வேண்டியவை பாதி என்று இருக்கும். அந்த நேரம் பார்த்து அங்குள்ள பத்திரிகைகளும் விமரிசகர்களும் அணிகளுக்கு மார்க் போடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த அணி தேறும், அந்த அணி தேறாது, இந்தப் பயிற்சியாளர் அடுத்த வருஷம் இருக்கமாட்டார் என்று தீர்ப்பு மேல் தீர்ப்பு வெளிவருகிறது.

முன்பெல்லாம் அந்தமானில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கதி எட்டியதில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் போட்டுப் போர்ட் பிளேயரையும் ரங்கத்தையும் மற்றத் தீவுகள் சிலவற்றையும் இணைத்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ரங்கத்துக்குத் தெற்கே பக்கத்திலிருக்கும் பாராடாங்கில் உட்கார்ந்துகொண்டும் ஓர் இளைஞன் வட கரோலினாவின் ஆட்டத்தைக் கைபேசியில் பார்க்க முடிகிறது. ஆட்டத்தோடு அந்த மார்க் பட்டியலும் வந்து சேருகிறது. அதை நம்பலாமா என்பது ஒரு கேள்வி. நம் கல்லூரி அணிகளுக்கு அப்படிப் பாதியில் மார்க் போட ஏன் வழியே இல்லை என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பாராடாங் மாதிரியான ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

முதலில் அங்குள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். நவம்பர் தொடக்கத்தில் ஆட்டங்கள் ஆரம்பமாகின்றன. முதல் இரண்டு மாதம் யார் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை அவரவர் சேர்ந்திருக்கும் கூட்டமைப்புக்குள்ளே ஆட வேண்டும். இந்தக் கூட்டமைப்புக்குத்தான் கான்பரன்ஸ் என்று பெயர். ‘பிக் ஈஸ்ட்’ என்ற கான்பரன்ஸில் 11 கல்லூரிகள். ஒவ்வொரு கல்லூரியும் மற்றப் பத்துடன் சொந்த ஊரில் ஒரு தடவை, எதிரியின் ஊரில் ஒரு தடவை ஆடுகிறது. ஆக 20 ஆட்டங்கள். ‘ஐவி லீக்’கில் எட்டுக் கல்லூரிகள், 14 ஆட்டங்கள். இவை கணக்குச் சுத்தமானவை. ‘பிக் டென்’ என்று இன்னொன்று இருக்கிறது. பெயரில்தான் பத்து. 2024 முதல் அதில் 18 கல்லூரிகள் இருக்கின்றன, அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரை வரை! 20 ஆட்டங்களில் 17 எதிரிகளைச் சந்திக்க வேண்டியிருப்பதால் சிலரோடு இரண்டு முறையும் மற்றவர்களோடு ஒரே முறையும் ஆடுகிறார்கள். யாரோடு இரண்டு முறை என்பதிலேயே ஓர் அணியின் அதிர்ஷ்டம் அடங்கியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு மார்ச் இரண்டாவது வாரத்தில் ஒவ்வொரு கான்பரன்ஸுக்கும் ஒரு வெளியேற்றுப் போட்டி நடக்கிறது. அதில் ஜெயித்தவர் நேரடியாகத் தேசியப் போட்டிக்குப் போகலாம். தேசியப் போட்டியில் 68 அணிகளுக்கு இடம். மீதி இடங்களுக்கு ஒரு கமிட்டி, பருவம் முழுதும் ஆடியதைப் பார்த்து ஆட்களைப் பொறுக்குகிறது. மோசமாக ஆடியவனுக்கும் கடைசியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. நன்றாக ஆடிவிட்டு ஒரு நாள் சறுக்கியவனுக்கும் இன்னொரு வாசல் இருக்கிறது. இந்த இரட்டை வாசலை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஜனவரியில் பட்டியலை எடுத்துப் பார்க்கிறவர் எதைப் பார்க்க வேண்டும்? வெற்றி தோல்வி எண்ணிக்கையை மாத்திரம் பார்த்தால் ஏமாந்து போவார். ஓர் அணி பத்து ஆட்டத்தில் ஏழு ஜெயித்திருக்கிறது, இன்னோர் அணி ஐந்துதான் ஜெயித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் அணி ஏழு ஆட்டங்களைச் சொந்த ஊரில் ஆடிவிட்டது. இரண்டாவது அணிக்கு வந்தவற்றில் ஏழு வெளியூர் ஆட்டங்கள். மிச்சமுள்ள பாதியில் இது தலைகீழாகும். சொந்த ஊரில் ஆடுவது சுமார் மூன்று புள்ளி கையில் இருப்பதற்குச் சமம் என்று கணக்குப் போடுகிறவர்கள் சொல்கிறார்கள். இரண்டு புள்ளியில் முடியும் ஆட்டங்கள் ஏராளமாக உள்ள விளையாட்டில் மூன்று புள்ளி என்பது சாமானியமல்ல. அமெரிக்கக் கமிட்டியே இதை ஒப்புக்கொண்டுதான் வெற்றிகளைத் தரம் பிரிக்கிறது. சொந்த ஊரில் முதல் 30 இடத்துக்குள் உள்ள அணியை வென்றால் முதல் தரம். வெளியூர் போய் 75-வது இடத்திலுள்ள அணியை வென்றாலும் அதே முதல் தரம்தான்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, பந்து கைக்கு வந்த முறைகளில் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பது. ஓர் அணி அவசர அவசரமாக ஆடி 90 புள்ளி எடுக்கும். இன்னோர் அணி நிதானமாக ஆடி 65 எடுக்கும். முதல் அணிதான் கெட்டிக்கார அணி என்று சொல்லிவிட முடியாது. நூறு தடவை பந்து கைக்கு வந்தால் எத்தனை புள்ளி, நூறு தடவை எதிரி கைக்குப் போனால் எத்தனை புள்ளி கொடுத்தார்கள் என்று பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். கென் பொமராய் என்பவர் கல்லூரி அணிகளை இந்த முறையில்தான் வரிசைப்படுத்துகிறார். அவருடைய பட்டியலைப் பார்க்காமல் அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை.

இதே போல டீன் ஆலிவர் என்பவர் 2004-ல் வெளிவந்த தமது புத்தகத்தில் ஆட்டத்தின் முடிவை நான்கு காரியங்கள் தீர்மானிக்கின்றன என்று எழுதினார்: குறி தவறாமல் போடுவது, பந்தை வீணாக இழக்காமல் இருப்பது, தவறிய பந்தைத் திரும்பக் கைப்பற்றும் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. குறி என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிட்டே நின்று இருபது தடவை எறிந்து பத்துப் போட்டால் 20 புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று இருபது தடவை எறிந்து ஏழே ஏழு போட்டால் 21 புள்ளி. பாதிக்குப் பாதி போட்டவனை மூன்றில் ஒன்று போட்டவன் முந்துகிறான். ஆனால் தூரத்து எறிதல் ஒரு மாதம் கைகொடுக்கும், அடுத்த மாதம் கைவிடும். ஆகவே தூரத்திலிருந்து போட்டே ஜனவரியில் மேலே நிற்கும் அணியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ரீபவுண்டிலும் பந்தை இழக்காமல் இருப்பதிலும் மேலே நிற்கும் அணியின் பலம் அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் தீர்ப்புத் தப்பலாம். 2022 பிப்ரவரி 5-ம் தேதி டியூக் அணி வட கரோலினாவின் சொந்த ஆடுகளத்துக்கே வந்து 87-67 என்று வென்றது. இருபது புள்ளி வித்தியாசம்! வட கரோலினாவுக்கு அந்த வருஷம் புதிய பயிற்சியாளர். கதை முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 5-ம் தேதி, டியூக்கின் பயிற்சியாளர் ஷஷெவ்ஸ்கி 42 ஆண்டுப் பணிக்குப் பிறகு சொந்த ஆடுகளத்தில் விடைபெறும் நாள். அன்றைக்கு அதே வட கரோலினா அங்கே போய் 94-81 என்று வென்று விருந்தைக் கெடுத்தது. அதோடு விடவில்லை. தேசியப் போட்டியின் அரையிறுதியில் மறுபடியும் டியூக்கை 81-77 என்று வென்று அவரை வீட்டுக்கே அனுப்பிவைத்தது. இறுதி ஆட்டத்தில் கான்ஸாஸிடம் மூன்றே புள்ளியில் தோற்றது வேறு கதை.

கனெக்டிகட் அணி 2011-ல் பிக் ஈஸ்ட் கான்பரன்ஸில் ஒன்பது வெற்றி, ஒன்பது தோல்வி. அரைக் கிணறு தாண்டிய நிலை. அந்த அணி கான்பரன்ஸ் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தது, பிறகு தேசியப் போட்டியில் ஆறு ஆட்டம் ஜெயித்துச் சாம்பியன் ஆனது. வட கரோலினா ஸ்டேட் 2024-ல் கான்பரன்ஸில் 9 வெற்றி, 11 தோல்வியோடு பத்தாம் இடத்தில் இருந்துகொண்டு அதே மாதிரி ஐந்து நாளில் ஐந்து ஜெயித்து, தேசிய அரையிறுதி வரை போனது.

மறுபக்கமும் உண்டு. பர்டியூ அணி 2022-23 பருவத்தில் முதல் 23 ஆட்டங்களில் 22 ஜெயித்திருந்தது. ஏழடி நான்கங்குல உயரமுள்ள ஆட்டக்காரர் அதில் இருந்தார். அந்த அணியை மார்ச் 17-ம் தேதி ஃபேர்லி டிக்கின்ஸன் என்ற சிறிய கல்லூரி 63-58 என்று வீழ்த்தியது. முதல் பிரிவு அணிகளிலேயே குள்ளமான அணி அதுதான். முந்தின வருஷம் நான்கே ஆட்டம் ஜெயித்த அணியும் கூட! தன் கான்பரன்ஸின் இறுதி ஆட்டத்தில் தோற்றும், ஜெயித்த கல்லூரிக்குத் தேசியப் போட்டியில் ஆட விதிப்படி அருகதை இல்லாததால் உள்ளே வந்த அணி. இதை எந்த விமரிசகர் ஜனவரியில் எழுதியிருக்க முடியும்?

ஆனால் தீர்ப்புத் தப்பியது என்பதற்காக அந்த விமரிசகர்களைக் கேலி செய்வதில் அர்த்தமில்லை. தப்புவதற்கு இடம் இருந்ததால்தான் தப்பியது. பாதிப் பருவத்துக்குப் பின்னால் இன்னொரு பாதி இருந்தது. இருபது புள்ளியில் தோற்ற பிள்ளைகள் ஒரு மாதம் கழித்து அதே எதிரியை மறுபடி பார்க்க முடிந்தது. நம் நாட்டுக் கல்லூரிக் கூடைப்பந்தில் இல்லாதது இதுதான்.

நம் ஏற்பாடு என்ன? இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. தென் மண்டலத்தில் தமிழகம், புதுவை, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளின் பல்கலைக்கழகங்கள். ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் ஒரு வாரம் போட்டியை நடத்துகிறது. முதலில் வெளியேற்று முறை. கடைசிக் கட்டத்தில் மிஞ்சுகிறவர்களுக்குள் லீக். முதல் நான்கு இடம் பெறுகிறவர்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு அந்த ஆண்டு அத்தோடு சரி.

வெளியேற்று முறையின் கணக்கு ஈவிரக்கமற்றது. 64 அணிகள் வந்தால் முதல் சுற்றிலேயே 32 அணிகள் மூட்டை கட்ட வேண்டும். வந்தவர்களில் பாதிப்பேர் நாற்பது நிமிஷம் ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் மோசமான அணிகளா? தெரியாது. முதல் ஆட்டத்திலேயே பலமான அணி எதிரே வந்திருக்கலாம். முக்கிய ஆட்டக்காரனுக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையில் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் ஒரே அடுப்பில் வேகிறது, ஆகவே ஒன்றைப் பார்த்தால் போதும். ஓர் அணியின் ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்து அந்த ஆண்டு முழுவதையும் அளக்க முடியாது.

இதில் தமிழகத்துக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. கூடைப்பந்தை 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கியது ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே பள்ளியில் படித்துவிட்டு வந்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆட்டம் பிறந்த வீட்டோடு நேர்த் தொடர்புள்ள ஊர் சென்னை. சென்னை வீராங்கனை அனிதா பால்துரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து சஞ்சனா ரமேஷ் 2019-ல் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவருக்குக் கிடைத்தது உபகாரச் சம்பளம் மாத்திரமல்ல. மாதக்கணக்கில் தொடர்ந்து ஆட ஆட்டங்கள் கிடைத்தன. கல்லூரிப் பெண் ஒருத்தி அதற்காகக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

கடல் தாண்டுவது என்றால் என்னவென்று அந்தமான் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாராடாங் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டால் கல்லூரிக்குத் தெற்கே போர்ட் பிளேயர் போக வேண்டும், அல்லது வடக்கே மாயாபந்தர் போக வேண்டும். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தாகிவிட்டது; தூரம் அதே நூறு கிலோமீட்டர்தான். அந்த நூறையும் நினைத்த நேரத்தில் கடந்துவிட முடியாது. ஜாரவா மக்களின் காப்புப் பகுதி வழியே ஏ.டி.ஆர். சாலை போவதால் வண்டிகள் காவலோடு, குறித்த நேரத்தில், கான்வாயாகத்தான் போகலாம். அந்தக் கட்டுப்பாடு நியாயமானது, அதைத் தளர்த்தச் சொல்வதற்கில்லை. ஆனால் மாலைப் பயிற்சிக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்புவது என்பது பாராடாங் பிள்ளைக்குக் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

போர்ட் பிளேயரில் 1967-ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும் மாயாபந்தரில் 1990-ல் தொடங்கிய மகாத்மா காந்தி அரசுக் கல்லூரியும் பல ஆண்டுகள் புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. தீவில் படிக்கும் பிள்ளை பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்துத் தென் மண்டலத்தில் ஆட வேண்டுமானால் கப்பலில் மூன்று நாள் பயணம், பிறகு ரயில், வந்த களைப்பு தீருமுன் ஒரே ஓர் ஆட்டம். தோற்றால் மறுபடி கப்பல். நாற்பது நிமிஷ ஆட்டத்துக்குப் பத்து நாள்! திரும்பி வந்து கையில் வைத்திருப்பது கலந்துகொண்டதற்கான சான்றிதழ். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுக்கும் அலுவலகங்கள் கேட்பதோ இடம் பெற்றதற்கான சான்றிதழ். நல்ல ஆட்டக்காரன், அன்று தோற்றுவிட்டான் என்று எந்த விண்ணப்பத்திலும் எழுத இடமில்லை.

தீவுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வராது என்று யாராவது சொன்னால் அவர் சைக்கிள் பந்தயத்தை மறந்துவிட்டார் என்று அர்த்தம். கார் நிகோபாரில் சுனாமியில் தப்பிய டெபோரா ஹெரால்ட் இந்தியாவின் முன்னணிச் சைக்கிள் வீராங்கனை ஆனார். ஈசோ ஆல்பன் 2018-ல் உலக ஜூனியர் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். சைக்கிளில் முடிந்தது கூடைப்பந்தில் ஏன் முடியவில்லை? பதில் கடினமானதல்ல. சைக்கிள் வீரனை அளக்க ஒரு கடிகாரம் போதும். போர்ட் பிளேயரில் ஓடும் விநாடியும் சுவிட்சர்லாந்தில் ஓடும் விநாடியும் ஒன்றுதான். இன்றைக்கு எங்கே நிற்கிறோம், மூன்று மாதத்தில் எவ்வளவு முன்னேறினோம் என்பது அவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கூடைப்பந்து அணியை அளக்க எதிரணி வேண்டும். அதுவும் ஒரு தடவை அல்ல, பல தடவை வேண்டும். எதிரணி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் கடலுக்கு மறுகரையில் இருந்தால் அளவுகோல் இல்லாமலேயே படிப்பு முடிந்துவிடும்.

ஆகவே அளவுகோலை இங்கேயே செய்துகொள்ள வேண்டும். அந்தமானில் இன்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மேலே சொன்ன இரண்டோடு தாகூர் கல்வியியல் கல்லூரி, டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரி, அந்தமான் கல்லூரி என்று ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் மற்ற நான்கோடு இரண்டு தடவை ஆடினால் அணிக்கு எட்டு ஆட்டம், மொத்தம் 20 ஆட்டம். ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 20. ஐவி லீக்கை விடச் சின்னது, ஆனால் நிஜமான லீக். நான்கு கல்லூரிகள் போர்ட் பிளேயரிலேயே இருப்பதால் பெரும்பாலான ஆட்டங்களுக்கு நகரப் பஸ் கட்டணம்தான் செலவு. கஷ்டம் மாயாபந்தருக்கு. போர்ட் பிளேயருக்கும் மாயாபந்தருக்கும் இடையே சுமார் 240 கிலோமீட்டர்.

இந்த இடத்தில்தான் பாராடாங் வருகிறது. ஏ.டி.ஆரில் போகிற வருகிற எல்லா வண்டியும் பாராடாங்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வடக்கே ஹம்ப்ரி ஜலசந்தியில் பாலம் வந்துவிட்டதால் ரங்கத் பக்கமிருந்து வருவது முன்னைவிடச் சுலபம். மாயாபந்தர் அணியின் ஆட்டங்களில் இரண்டு மூன்றைப் பொது இடமாகப் பாராடாங்கில் வைத்தால் இரண்டு பக்கத்தாருக்கும் பயணம் பாதியாகும். சொந்த ஊர்ச் சலுகையான அந்த மூன்று புள்ளியும் யாருக்கும் கிடையாது. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சுற்றுலாக் கூட்டத்தைப் பார்ப்பதோடு கல்லூரி ஆட்டத்தையும் பார்ப்பார்கள். பெண்கள் அணி வந்து ஆடுவதைப் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அது என்னவெல்லாம் செய்யும் என்று கணக்குப் போட முடியாது.

இடம் எங்கே என்று கேட்பார்கள். காடும் குன்றும் சதுப்புமாக உள்ள தீவில் கால்பந்துக்குச் சமதரை தேடுவது கஷ்டம்தான். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம் கணக்கில் பத்தரை சென்ட் நிலம். சுற்றி நடக்க இடம் விட்டாலும் ஒரு நடுத்தர வீட்டு மனைக் கூட்டம் போதும். கூடையின் உயரம் 3.05 மீட்டர், இரண்டு கம்பங்கள். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் கூரை இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கும் பருவம் கைகொடுக்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இங்கே மழை குறைவு. அமெரிக்கக் கான்பரன்ஸ் ஆட்டங்கள் சூடுபிடிக்கும் அதே மாதங்கள்!

தரம் குறைவாயிருக்குமே, இதை லீக் என்று சொல்வது வேடிக்கையாக இருக்காதா என்பது இன்னோர் ஆட்சேபம். ஃபேர்லி டிக்கின்ஸன் நான்கே ஆட்டம் ஜெயித்த வருஷத்தில் அதன் தரமும் குறைவாகத்தான் இருந்தது. தோற்ற ஆட்டங்களை வரிசையாக ஆட அதற்கு இடம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் என்ன நடந்தது என்று பார்த்தோம்.

செய்ய வேண்டியவர்கள் தீவு நிர்வாகத்தின் விளையாட்டுத் துறையும் கல்லூரி முதல்வர்களும். முதல் ஆண்டுக்குப் பெரிய கோப்பையும் வேண்டாம், தொடக்க விழாவும் வேண்டாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புள்ளி குறிக்க ஒருவரை உட்காரவைத்து, எத்தனை தடவை எறிந்தார்கள், எத்தனை போட்டார்கள், எத்தனை ரீபவுண்ட், எத்தனை தடவை பந்தை இழந்தார்கள் என்று ஒரு நோட்டில் ஒழுங்காக எழுதிவைத்தால் போதும். பிப்ரவரி பாதியில் அணிக்கு நான்கு ஆட்டம் முடிந்திருக்கும். அன்றைக்கு அந்த நோட்டைப் பார்த்து யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று பத்திரிகையில் தாராளமாக எழுதலாம். ஐந்தாவது ஆட்டத்தில் மாயாபந்தர் பிள்ளைகள் அதைப் பொய்யாக்கினால் ஆக்கட்டும்.